மோதாமல் பின்வாங்கிய கார்னெல்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் மருமகன் கார்னெலை அணியில் வைப்பதா, அனுப்புவதா என்பது நேற்றைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பொறுத்தே இருந்தது. முன்வரிசையில் மோத எடை போதாது, பின்வரிசையில் ஓட வேகம் போதாது என்றார்களே, அவரையே கடைசி நிமிடத்தில் முன்வரிசையில், பாயத் தயாராகத் தரையில் கை ஊன்றி நிற்கவைத்தார்கள்.

"இந்த நோஞ்சானுக்கு நாங்க ரெண்டு பேரா?" என்று அவரைத் தடுக்க நின்ற எதிரணித் தடியர்கள் இருவரும் சிரித்தார்களாம். கார்னெல் மோதவே இல்லை, சட்டென்று பின்வாங்கினார். அதை எதிர்பாராமல் எதிரணி ஆட்டக்காரர் தன் ஆளுக்கு எறிந்த பந்து நேரே கார்னெல் கைக்கு வந்தது. தடியர்கள் தள்ள ஆளில்லாமல் விழித்தார்கள். வென்றோம்!

"ரெண்டு வேலையும் செய்யுற ஆளு நீதான்யா, எங்கயும் போயிடாதே!" என்றாராம் பயிற்சியாளர்.

அவர் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நம் சபைப் பாடல்களைப் பதிவுசெய்து அனுப்புங்கள். ஞாயிறு மாலைகளில் வீடு ரொம்ப அமைதி. அவர் கூப்பிடுகிறார். எப்போது அனுப்பிவிடுவார்களோ என்று இத்தனை மாதம் கட்டியே கிடந்த பெட்டிகளை இன்று பிரிக்கிறோம், கர்த்தருக்கு மகிமை!

உங்கள் மகள்,
லொரெட்டா