கரிக்கோலில் என் வயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஏழாம் மாதம். கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்படாதே.

ஓவிய வகுப்பில் கண்ணாடியைப் பார்த்து என்னையே கரிக்கோலால் வரைந்தேன். வயிறு பாறை போல, இடுப்பு சரிந்து, விரல்கள் கோணலாக, பல்லைக் கடித்த முகம்.

"தாய்மைன்னா முகத்துல சாந்தம் வேணும்மா. மாத்தினாதான் கண்காட்சியில வைப்போம்" என்றார் ஆசிரியர்.

"சுமக்கிறது நான் சார். இப்படித்தான் இருக்கு" என்றேன். மாற்றவில்லை. கண்காட்சிக் கூடத்தின் கதவிலேயே ஒட்டிவிட்டேன். கூட்டிப் பெருக்கும் அக்கா வாளியை வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் இடுப்பு இப்படித்தான் விட்டுப்போச்சு" என்றார்.

என்னைச் சுமந்தபோது எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாய்? உடனே எழுது. இங்கே கேட்க ஆளில்லை.

படத்தைப் பிய்த்தெடுக்க வருகிறார்களாம். கதவருகே போய் நிற்கப் போகிறேன்.

உன் மகள்