மதகுநூலுக்கு ஈடாய் இருப்பவன் விடுத்தது

நீர் பெருகுக, நெல் பெருகுக. ஏழு ஏரிக்கு உடையவரும், எழுபது மதகு திறந்து குடிகாப்பவருமாகிய தண்குன்ற நாட்டுக் கோச்செழுந்தேவர் திருமுன்பு, துணி விற்கும் அறுவை வணிகர் தெருவில் பிறந்து, பேச்சை விற்றுத் தூதனான நக்கன் பரிதி பணிந்து விடுக்கும் ஓலை. அடியேன் உடல் நலமே. உறக்கம் மட்டும் எனக்கு முன்னே ஊர் போய்விட்டது.

பேரேரி இரண்டாம் முறை உடைந்தபோது, ஆழிமுனைச் சுவடிச்சாலையிலுள்ள மதகுநூலை இரவலாகப் பெற்றனுப்ப அடியேனைப் பணித்தீர்கள். சாலைத் தலைவி எழினியார் ஈடாக மூன்று யானை கேட்டார். இரண்டு நாள் பேசி, மூன்று யானையை ஓர் ஆளாகக் குறைத்தேன். அந்தச் சாமர்த்தியத்தைத் தங்களுக்குப் பெருமையோடு எழுதியும் விட்டேன். அந்த ஆள் அடியேனே என்பதை, சுவடி கப்பலேறிய பின், அடுக்கு எண் பொறித்த ஓலைநறுக்கை என் மணிக்கட்டில் கட்டுகையில்தான் அம்மையார் தெரிவித்தருளினார்.

இங்கே சுட்ட களிமண் பலகையும், பட்டுச்சுருளும், மரப்பட்டையும், தோலுமாக உலகத்து எழுத்தெல்லாம் கிடக்கிறது. மேற்கே ஒரு நாட்டில் நூலைச் சங்கிலியால் பலகையோடு பிணைப்பர் என்று கேட்டுச் சிரித்தேன். எழினியார் சிரிக்கவில்லை, நூலைப் பிணைப்பது பாவமென்றுதான் தம் முன்னோர் ஆளைப் பிணைத்தனர் என்றார்.

நேற்று, நானூறு ஆண்டுப் பழைய ஏட்டுக்குப் பணியாளர் எண்ணெய் பூசக் கண்டு, படியெடுத்தபின் பழையதை எந்த ஆற்றில் விடுவீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். பெற்ற தாயை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டவனைப் போல என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. படியெடுத்து முடித்த மூல ஏட்டுக்கு மஞ்சள் பூசி, பூச்சூட்டி, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது நம் எழுத்தர்க்குப் பெரும்புண்ணியம் அன்றோ? தலைமை எழுத்தர் மாறங்காரிக்குக் கைவேகம் மிகுதி. பக்தியோ அதனினும் வேகம்.

ஏடு திரும்பாவிடில் ஈடாக வந்த ஆள் சாலைக்கே உரியவன் என்பது இங்குள்ள முறை. எதிர் அடுக்கில் தூசு தட்டும் தீவுநாட்டுத் தூதர் வந்து முப்பத்தோராண்டு. மூலம் தீயில் போயிற்று, ஆனால் படி மிக அழகு என்று அவர் வேந்தர் அந்நாளில் செய்தி விடுத்தாராம். அவர் என் மணிக்கட்டை உற்று நோக்கி, நறுக்கு நல்ல ஓலை, நெடுநாள் தாங்கும் என்று வாழ்த்தினார்.

பெருக்குக்கு இன்னும் பதினொரு நாள். கப்பலுக்கு ஒன்பது, குதிரைக்கு ஒன்று. எஞ்சிய ஒரு நாளை நம் அதிகாரிகள் உண்ணாதிருக்க வேண்டும். ஆதலால், துறையாளரும் சுங்கத்தாரும் இவ்வோலை கொணர்வானை நிறுத்தாது விடுவாராக. மாறங்காரியின் கையிலுள்ள மஞ்சளை வாங்கி வைக்கத் தேவர் கட்டளையிடுக. முன்னமே விட்டுவிட்டாரெனில், கழிமுகத்தில் வலை விரிக்க மீனவரை ஏவுக, ஏடு மிதக்கும்.

என் முத்திரை மோதிரம் சாலையின் காவலில் இருப்பதால் எழினியார் முத்திரையே இதற்கு. இம்மதிலுக்குள் எழுதிய எதுவும் மூலமாக வெளியேறலாகாது என்பதால், தங்கள் திருக்கைக்கு வருவதும் படியே; மூலத்தை எனக்கு அடுத்த எண்ணிட்டு என் அடுக்கிலேயே வைத்துவிட்டார்கள். புண்ணியம் தேடும் மாறங்காரி, படித்து முடித்தபின் இவ்வோலையை ஆற்றில் விடட்டும். மதகுநூலைக் கப்பலில் ஏற்றுக.