களத்து வாசம்

மெட்ராஸ், 8.2.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கமுங்க. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, காற்றை இழுக்கும் இயந்திரத்தில் வெள்ளைத்தாள் வைத்து, படியும் தூசியை எடைபோடுவது. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜனாம், ஆக்ஸிஜன் கொஞ்சம்தானாம்!

போன வாரம் ஒரு வாயு கசிந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்த, நான் மட்டும், “எங்க கொப்பரைக் களத்து வாசமுங்க சார்” என்று ஆசையாக மூச்சை இழுத்துவிட்டேன். “அது விஷம்மா!” என்று எங்கள் மேலதிகாரி கத்தினார். கொப்பரை வெளுக்க நீங்கள் மூட்டும் அதே கந்தகப் புகை. தொண்டை இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் மூட்டியதும் தள்ளி நின்னுக்கோங்க.

இத்துடன் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். களத்தில் ஒருநாள் தொங்கவிட்டு அனுப்புங்க. மோந்து பார்க்கணும்போல இருக்கிறது. அம்மா கேட்டால், எடைபோடத்தான் என்று சொல்லிவிடுங்க.

அவசரமாக,
புவனா