சருகு புரட்டும் ஆறுமணிக் குருவி

அக்டோபர் 13, திங்கள்

முருங்கை மரத்தடியில் ஒரு சருகு தானாகப் புரண்டது. காற்று இல்லை. விடியற்காலை மழையில் மண் ஈரம். ஓணான் என்று நினைத்தேன். பறவை. வால் இல்லாததுபோல் மொட்டை. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. மண்புழுவை இழுத்துத் தின்றது. தும்மினேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

முந்தானைக் குச்சு கட்ட வந்த புடவை: மூன்று. முடித்தது: ஒன்றரை.

அம்மா: "வேலைய வுட்டுட்டு இன்னாத்த பாத்துக்கினு குந்தியிருக்கிற?"

அக்டோபர் 14, செவ்வாய்

மேகமூட்டம். அண்ணி போனில் தேடிப் பார்த்தாள். ஆறுமணிக் குருவியாம். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூவுமாம். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து தெற்கு மலைக் காடுகளுக்குப் போகும். வழியில் களைத்தால் ஊருக்குள் இறங்கும்.

ஊரில் இத்தனை தோப்பு இருக்க எங்கள் எட்டடிக் கொல்லை எதற்கு? நான் சருகைப் பெருக்குவதில்லை. அதனால் இருக்கும். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு பயன்.

"உன்ன மாதிரியே இருக்குதுமா. யார்னா வந்தா ஓடி ஒளிஞ்சிக்குது" என்றாள் அண்ணி. சிரித்தேன். ஒன்பதாவதில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.

மலைக் காட்டை நான் பார்த்ததில்லை. அங்கே எவ்வளவு சருகு இருக்கும்.

மாலை 6.05. இரண்டு தடவை கூவியது.

அக்டோபர் 16, வியாழன்

தூறல். நேற்று எழுதவில்லை. இன்று காலை கிட்டப் போயும் குருவி பறக்கவில்லை. எழும்பி எழும்பி விழுந்தது. இரண்டு காலும் பட்டு நூலில் பிணைந்து, இடது கால் வீங்கியிருந்தது.

நூல் மாம்பழ மஞ்சள். சனிக்கிழமை நான் குச்சு கட்டிய புடவையின் நிறம். குச்சு நறுக்கிய துண்டுகளை தினமும் அந்தச் சருகில்தான் கொட்டுகிறேன்.

அண்ணி துண்டால் மூடிப் பிடித்தாள். கத்தரி நுழைய இடமில்லை. சிக்கிய குச்சைப் பிரிப்பதுபோல, எச்சில் தொட்டு ஊசிமுனையால் ஒவ்வோர் இழையாக எடுத்தேன்.

"மெதுவாமா. கால் போயிடும்."

இருபது நிமிடம். அதன் நெஞ்சு அடிப்பது துண்டுக்கு மேலேயே தெரிந்தது. கடைசி இழை மயில்கழுத்து நீலம். அந்த நிறப் புடவை எங்கள் வீட்டுக்கு இந்த மாதம் வரவேயில்லை.

மதியம்வரை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தோம். திறந்ததும் மதில்மேல் ஏறி, இடது காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பறந்தது. மலைப் பக்கம் இல்லை. பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா கொல்லைக்கு. அங்கேயும் குச்சு கட்டுகிறார்கள். அங்கேயும் சருகு.

அந்தச் சருகில் கிடக்கும் நூலைப் பற்றி அண்ணி போய்ச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குருவி மதிலுக்கு அந்தப் பக்கம் சருகைப் புரட்டும் சத்தம் கேட்டது.

முறத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தட்டினேன்.