கதவின் மேல் ஒரு பொட்டு

நவம்பர் 12, புதன்

விடியலிலிருந்து மழை. பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிரசவ வார்டுக்கு மட்டும். பல் பிரிவுக்குக் கிடையாது. ஆட்டோகிளேவ் பாதியில் நின்றது. கருவிகளை ஆவியில் வேகவைக்காமல் ஒருவர் வாயிலும் வைக்க மாட்டேன் என்று சொல்லி, பல் பிடுங்க வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னேன். நல்ல திட்டு. ஒரு பெரியவர்: "கவர்மெண்ட்டு சம்பளத்த வாங்கிக்கிட்டு கரண்டு இல்லங்கிறீங்க. குடவாசல்ல பாலு டாக்டர்ட்ட போனா அஞ்சு நிமிஷத்துல புடுங்கிடுவாரு."

பாலு டாக்டர். அத்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் பாலு மாமா.

வாங்க: கொசுவத்தி, அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை, குடைக்கம்பி சரிசெய்ய.

நவம்பர் 13, வியாழன்

கரண்ட் வந்தது. நேற்றுத் திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. எங்கே போயிருப்பார்கள் என்று தெரியும்.

வசந்தா என்று ஒருவர். களை பறிக்கப் போகிறவர். இடது கன்னம் தேங்காய் மூடி அளவுக்கு வீக்கம், கண் பாதி மூடிவிட்டது, வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறார், பாலு மாமாவிடம். உள்ளே சீழ். வார்டில் சேர்த்துவிட்டேன். கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து.

வாயைத் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் பேசுகிறார்: "அந்த எடம் எவ்ளோ சுத்தம் தெரியுமாம்மா. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவணும். சாம்பிராணி வாசன. தரை கண்ணாடியாட்டம். அங்கேருந்து எப்படிம்மா கிருமி வரும்?"

ஒரு வீக்கத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் கையிலும் நடக்கலாம். ஆனால் தீபாவளிக்குப் பிறகு அங்கிருந்து வரும் மூன்றாவது முகம் இது.

மாலை உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை குடவாசல் கிளினிக்குகளில் ஆய்வு, பதிவுப் புதுப்பிப்புக்காக. குழுவில் பல் மருத்துவராக நான். பட்டியலில் பாலு மாமா கிளினிக்கும். குழுத் தலைவருக்குப் போன் செய்து, சார், அவர் எங்களுக்கு உறவு, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன்.

"இந்தப் பக்கத்துல யாருக்கு யாரும்மா உறவில்ல? உங்கள விட்டா பல் டாக்டருக்கு நான் எங்க போவேன். வாங்க."

நவம்பர் 18, செவ்வாய்

எரிச்சலில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

வாசலிலேயே பன்னீர், சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு. நாங்கள் ஆய்வுக்குப் போனோமா, பெண் பார்க்கப் போனோமா? குழுத் தலைவருக்கு (இனி கு.த.) ஒரு பொன்னாடை. "வேணாம்னா மனசு சங்கடப்படும்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே தோளைக் காட்டினார். எனக்கும் ஒன்று வந்தது. வாங்கவில்லை. மாமா சிரித்தார், கண் சிரிக்கவில்லை.

"நம்ம கிளினிக்ல செருப்புக்கு அனுமதி கெடையாது சார். மந்திரியே வந்தாலும் வெளியதான். சுத்தம் விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு."

கழற்றினேன். தரை நிஜமாகவே கண்ணாடி. சாமி படங்களுக்குப் புது மாலை. கு.த. சுற்றிப் பார்த்து, "பேஷ்."

கருவி கழுவும் அறை பின்பக்கம். அங்கே ஆட்டோகிளேவ், நல்ல கம்பெனி, எங்களிடம் இருப்பதைவிடப் புதுசு. தினமும் எத்தனை தடவை போடுவீர்கள் என்று கேட்டேன். "காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு" என்றார் மாமா, தயங்காமல்.

கதவில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கட்டை விரலால் அழுத்தி வைத்தது. பாதி கதவின் மேல், பாதி இயந்திரத்தின் உடம்பின் மேல். காய்ந்து, நிறம் மங்கி, ஆனால் முழுசாக. நடுவில் ஒரு கீறல்கூட இல்லை.

உதவியாளர் செல்வியிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். இது எப்ப வச்சது?

"ஆயுத பூஜைக்கு, மேடம். நான்தான் வச்சேன்."

அப்புறம் துடைக்கவே இல்லையா?

"சாமிக்கு வச்சதத் துடைக்கக் கூடாதுங்க மேடம். தானா உதிரணும்."

அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியாது. மாமாவுக்குத் தெரிந்தது. "கை வைக்காதம்மா, பூஜை போட்டது" என்று முன்னால் வந்தார். நான் கைப்பிடியை இழுத்தேன். பொட்டு இரண்டாகப் பிளந்து உதிர்ந்தது. உள்ளே நாலைந்து பொரி. எறும்பு.

ஆயுத பூஜையிலிருந்து இன்றுவரை அந்தக் கதவு திறக்கவில்லை. இத்தனை வாய்களுக்குள் எதை வைத்தார்கள்? கேட்டேன். "டெட்டால்ல போட்டுத் துடைக்கிறோமே" என்றார் மாமா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், இப்போது சோறும் நல்ல சோறுதான் என்கிறார்.

கு.த. தொண்டையைச் செருமினார். ஒரு வாரம் அவகாசம், மறு ஆய்வு, அதுவரை பல் பிடுங்கக் கூடாது. பூட்டுங்கள் சார் என்றேன். "நீங்க சின்னவங்க, கோவம் வரும்" என்றார். பொன்னாடையை மடித்துக் காரில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 19, புதன்

வசந்தாவுக்குக் கீறிச் சீழ் எடுத்தாயிற்று. காய்ச்சல் குறையவில்லை. இரவு வார்டிலிருந்து கூப்பிடுவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

வீட்டில் அத்தை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தட்டில் சோற்றைப் போட்ட வேகத்திலேயே புரிந்தது.

"பாலு போன் பண்ணினான். பூஜை போட்டதுல கை வச்சு பொட்ட அழிச்சியாமே."

கதவைத் திறந்தேன் அத்தை. அது குக்கர் மாதிரி. திறந்து மூடினாத்தானே வேலை செய்யும்?

"புருஷன் துபாய்ல இருக்கான். சுமங்கலி பண்ற காரியமா இது? பொட்ட அழிச்சா..."

அழுக்குக் கொறடு தப்பில்லை. சீழ் தப்பில்லை. பொட்டு அழிந்ததுதான் தப்பு. சாப்பிடாமல் எழுந்தேன். அது என் முட்டாள்தனம், ராத்திரி பசித்தது.

துபாயிலிருந்து அவர், போனில்: "விட்டுடேன். நாளைக்கு ஒரு விசேஷம்னா முகத்துல முழிக்கணும்ல." வசந்தா முகத்தைப் படம் எடுத்து அனுப்பலாமா என்றிருந்தது. அனுப்பவில்லை. நோயாளி அவர், என் சண்டைக்குச் சாட்சி இல்லை.

நவம்பர் 22, சனி

வசந்தா கஞ்சி குடித்தார். இரண்டு விரல் அளவு வாய் திறக்கிறது. பிழைத்தார். சந்தோஷம் கால் மணி நேரம். பிறகு அவர் கேட்டது: "பல்லு புடுங்குன அன்னிக்கு நான் தலைக்குக் குளிச்சேம்மா. அதுனாலதான் சீழ் வச்சிருச்சோ?" பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். வேறு யார் மேல் போடுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நான் சொன்னேன். நம்பினாரா தெரியாது.

மழை நின்றபாடில்லை. வயலில் தண்ணீர் வடியவில்லையென்று வார்டு முழுக்கப் பேச்சு.

நவம்பர் 25, செவ்வாய்

மறு ஆய்வு. மறுபடியும் சந்தனக் கிண்ணம், பன்னீர். செருப்பு வெளியே.

ஆட்டோகிளேவுக்குப் புதுப் பொட்டு. கதவில் இல்லை. உச்சந்தலையில். பாடம் கற்றுக்கொண்டார்கள், எந்தப் பாடம் என்பதுதான் விஷயம்.

சூடு சரியாக ஏறினால் கறுக்கிற சோதனைக் காகிதத்தை என் பையிலேயே எடுத்துப் போனேன். உள்ளே வைத்து, நானே சுவிட்சைப் போட்டு, ஓடி முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கு.த. முன் அறையில் முறுக்கும் காபியும். திறந்தால் காகிதம் கறுப்பு. சரியான கறுப்பு. மெஷினில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளிலிருந்தே இருந்திருக்காது. பழுது என்றால்கூட மனசு ஆறும். நல்ல மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாமல் இருந்திருக்கிறார்கள்.

செல்வி கருவித் தட்டை நீட்டுகிற சாக்கில், மெதுவாக: "ஒரு தடவை ஓடி முடிய ரொம்ப நேரம் ஆவுது மேடம். அதுக்குள்ள நாலு பேர் பாத்துடலாம்னு சார் சொல்லுவாரு."

கு.த. பேனாவை எடுத்துவிட்டார். "மெஷின் ஓடுது. அப்புறம் என்னம்மா?"

நான் முன் அறைக்குப் போய்ச் சந்தனம் எடுத்து வந்தேன். கதவுச் சந்தில், பாதி இங்கே பாதி அங்கே, கட்டை விரலால் அழுத்தினேன். மேலே குங்குமம்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா சொன்னாங்களா? நல்லது. தப்பு யாருதான் பண்ணல. இத யாரும் தொடாதீங்கம்மா செல்வி, மருமக கையால வச்சது."

பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும். நாளை மதியம் கையெழுத்துப் போடுகிறேன் சார் என்றேன். கு.த.வுக்கு விளங்கவில்லை. பொட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடினார்.

நவம்பர் 26, புதன்

வசந்தா வீட்டுக்குப் போனார். பஸ் ஏறும்வரை முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டே.

சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கூட்டியில் குடவாசல். யாரிடமும் சொல்லவில்லை. தூறல். கிளினிக் வாசலில் செருப்புகள், படி நிறைய. சேறு அப்பிய ரப்பர் செருப்புகள். ஒரு ஜோடி சின்னது, பூப்போட்டது, ஐந்து வயசு இருக்கும்.

பின்சந்துக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்வி குழாயடியில் கொறடுகளைக் கழுவித் துணியில் துடைத்துத் தட்டில் அடுக்குகிறாள். ரத்தம் கலந்த தண்ணீர். அவளுக்குப் பின்னால் ஆட்டோகிளேவ்.

பொட்டு முழுசாக இருந்தது.

கு.த.வுக்குப் போன் செய்தேன். எடுத்தார். இப்பவே வாங்க சார், வர்றவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன் என்றேன். அந்தப் பொட்டு உடையவே இல்லையா என்று கேட்டார். பிறகு, "வர்றேன்."

முன்பக்கம் வந்தேன். நாற்காலியில் அந்தக் குழந்தை, வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தட்டு வந்துகொண்டிருக்கிறது. மாமா திரும்பிப் பார்த்து, "வாம்மா, வா. அட, செருப்பு, செருப்பு" என்றார்.

கழற்றவில்லை. சேற்றுக் காலோடு கண்ணாடித் தரையில் நடந்து போய்த் தட்டைப் பிடித்தேன்.