பூட்ஸ் போட்ட வேதவல்லி

டிசம்பர் 3, 1974

வேதவல்லி ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த வெளிநாட்டுக் குளிரோடு சமாதானமாகிவிட்டாள். கீழ்வீட்டு இத்தாலிய அம்மாள் தன் மகனுடைய பழைய பூட்ஸைக் கொடுத்திருக்கிறாள். இவள் சேலைக்கு உள்ளே என் பைஜாமா, அதற்குக் கீழே அந்த பூட்ஸ் என்று மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறாள். "காலு எவ்வளவு கதகதன்னு இருக்கு தெரியுமா?" என்று கூடத்தில் நடந்து வேறு காட்டினாள். கண்றாவி.

டிசம்பர் 9

பஸ் ஸ்டாப்பில் ஆபீஸ் டேவிட் எங்களைப் பார்த்துவிட்டான். அவன் பார்வை நேரே அவள் காலுக்குத்தான் போயிற்று. எனக்கு மானமே போயிற்று.

டிசம்பர் 20

இன்று ஆபீஸில் கிறிஸ்துமஸ் பார்ட்டி. அரக்குப் பட்டுப்புடவை கட்டி, பூட்ஸோடு வந்து நிற்கிறாள்!

"அதக் கழட்டு. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"வெளியில பனி கொட்டுதே?"

"பஸ்லதானே போறோம். செருப்பு போதும்."

பூட்ஸைக் கழற்றிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 21

எழுதவே கூசுகிறது. பார்ட்டியில் எல்லோரும் புடவையைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும்போது பஸ் வரவே இல்லை. "காலு எரியுதுங்க" என்றாள். பொறுத்துக்கொள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ஒண்ணும் தெரியல" என்றாள். சரியாகிவிட்டதென்று நினைத்தேனே — மடையன், மடையன்!

வீட்டுக்கு வந்ததும் விரல்கள் வீங்கி மெட்டி இறுகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டித்தான் எடுத்தார்கள். நர்ஸ் அவள் செருப்பைப் பார்த்தாள். பிறகு முழங்கால்வரை ஏறிய என் தோல் பூட்ஸைப் பார்த்தாள். நான் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டாள். புருஷன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

டிசம்பர் 27

விரல்கள் பிழைத்துவிடும் என்கிறார் டாக்டர். இவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்தால்தான் என்ன?

ஜனவரி 18

நகரின் கிழக்கே ஸ்காபரோவில் நம்மூர்க்காரர்களின் பொங்கல் கூட்டம். கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அங்கே சிநேகிதன் நரசிம்மன் மனைவி சியாமளா, "எங்க உங்க வீட்டம்மா?" என்று கேட்டாள். ஜுரம் என்று சொல்லிவிட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்!

ஜனவரி 25

புது பூட்ஸ் வாங்கி வந்தேன். "இனிமே இதப் போட்டுக்கிட்டே எங்க வேணா போ" என்றேன். தலையை ஆட்டினாள். பெட்டியைப் பிரிக்கவில்லை.

பிப்ரவரி 10

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வேதவல்லியும் இத்தாலிய அம்மாளும் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். இவள் அந்தப் பழைய பூட்ஸால் பனியை உதைத்து உதைத்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. ஆசையாக எதிரே போனேன்.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சட்டென்று குனிந்து, புடவையைக் கீழே இழுத்துவிட்டு, பூட்ஸை மறைத்தாள்.