நீ எழுதிக் கொடுத்த இரண்டு வரி

இன்று காலை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த தாள் சூடாக இருந்தது. அந்தச் சூடும் அதோடு வருகிற மை வாசனையும் போதும், நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். எத்தனை காப்பி என்று அவர் கேட்டார். யோசிக்காமல் மூன்று என்றேன். "ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு உனக்கு, ஒண்ணு தொலைக்கிறதுக்கு" என்பாயே, அந்த மூன்று.

நகலெடுத்தது என் புது அட்டையை. இனிப் பத்து வருடத்துக்கு நான் பிரான்சில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஊருக்கு வரலாம், திரும்பிப் போகலாம். வீட்டில் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் போட்டோ நன்றாக இல்லை என்றாள். முதலில் உன்னிடம் காட்டியிருக்க வேண்டிய அட்டை இது. காட்ட நீ இல்லாததால் எழுதுகிறேன்.

பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்ச். பிரெஞ்சில் நீ எப்போதும் என்னைவிட இருபது மார்க் அதிகம். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டது நான். நீ மொழிபெயர்ப்புக் கடையில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாய். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, விசா மனு என்று எங்கள் தெருவில் பாதிப் பேரை விமானம் ஏற்றிவிட்டவள் நீ. உனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. கேட்டால், "கடைய யாரு பாத்துக்குவா?" என்பாய்.

எனக்குக் கல்யாணம் ஆனது ஆவணியில். விசா கைக்கு வரப் பங்குனி ஆகிவிட்டது. போன கையோடு அங்கே ப்ரெஃபெக்தூர் என்கிற அரசு அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு எழுதிப் போட்டோம். நம் ஊரில் எல்லோரும் கார்த் என்று சொல்கிற அட்டை. அது தயாராகும்வரை வைத்துக்கொள்ள ஒரு ரசீது கொடுத்தார்கள். என் போட்டோ, முத்திரை, நான் வேலைக்குப் போகலாம் என்று ஒரு வரி, எல்லாம் அதில் இருந்தன. வேலைக்கே போகச் சொல்கிற தாள் ஊருக்குப் போய்வர விடாது என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அதற்குள் ஆடி வந்தது. தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்காவிட்டால் சொந்தபந்தத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மா தொலைபேசியில் அழுதாள். என் கணவரும் போய்வா என்றார். நானும் கிளம்பி வந்துவிட்டேன். "கார்த் வர்ற வரைக்கும் அங்கயே கெட" என்று நீ வழியனுப்பும்போதே சொன்னதுதான். அதனாலேயே ஊருக்கு வந்தும் உன் கடைப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தேன். திட்டுவாய் என்ற பயம்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. பெரிய மார்க்கெட்டில் அம்மாவும் நானும் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது, கையில் மீன் பையோடு எதிரே வந்து நின்றாய்.

"ஏய், எப்ப வந்த? கார்த் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லடி. ரசீது குடுத்திருக்காங்க. பன்னெண்டு நாள்ல நேர்ல போயி கார்த்த வாங்கிக்கணும்."

மீன் பையைத் தரையில் வைத்துவிட்டாய். "எந்த ரசீது? மொத தடவ குடுக்கிறதா?"

"ஆமா. அதுக்கென்ன? வேலைக்கே போலாம்னு போட்டிருக்கு."

"உள்ள இருந்தா வேலைக்குப் போலாம்டி. வெளிய வந்துட்டா அத காட்டி உள்ள போவ முடியாது. விசாவும் மூணு மாசத்தோட முடிஞ்சிருக்கும். எப்பிடிப் போவ நீ?"

"புருஷன் கிட்ட போற பொண்ண எவன்டி தடுப்பான்?" என்று அம்மா குறுக்கே வந்தாள். எனக்கோ, அட்டையை வாங்க வரச்சொன்ன ப்ரெஃபெக்தூர் கடிதம் ஞாபகம் வந்தது. குறித்த தேதியில் நேரில் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து என்று அதன் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ரத்தானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் தடவையே பங்குனிவரை இழுத்த வேலை.

ஒரே வழிதான் உண்டு, இங்கே இருக்கிற பிரெஞ்சு கான்சுலேட்டில் திரும்பிப்போகும் விசா கேட்பது என்றாய். மறுநாள் உன் கடையில் என் காகிதங்களையெல்லாம் மேசையில் பரப்பினாய். கணவரிடமிருந்து வேண்டிய காகிதங்களை ஃபேக்ஸில் வரவழைத்தோம். எல்லாம் சேர்ந்த பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"எதுக்கு வந்தன்னு கேப்பாங்க. என்னா சொல்லுவ?"

"ஆடின்னு சொல்லுவேன்."

"அவங்களுக்கு ஆடி தெரியுமா? அவங்க பாக்கிறது ஒண்ணுதான். புருஷன் கிட்ட போயி மூணு, நாலு மாசத்துல தனியா திரும்பி வந்துட்டா. கார்த்துக்காகக் கட்டிக்கிட்டாளான்னு ஒரு சந்தேகம் வந்தா போதும், அவ்ளோதான்."

ஊர் மெச்ச வேண்டும் என்று செய்த சீர், காகிதத்தில் ஓடிவந்தவள் கதையாக மாறிக் கிடந்தது. ஆடியில் புதுப்பெண்ணை ஏன் பிரித்து வைக்கிறோம் என்று விளக்கி எழுதிவிடலாம் என்றாய். அம்மா பதறிப்போனாள். "சித்திரையில புள்ள பொறக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரனுக்கு எழுதுவீங்களா? மானம் போயிடும்டி!" அந்த நேரத்திலும் உனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

நீ பிரெஞ்சில் எழுதிவிட்டு எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாய். அதில் ஒரு வாக்கியம் இன்னும் மனப்பாடம்: 'இவள் கணவனை விட்டு வரவில்லை, தாய் அழைத்ததால் வந்தாள். ஆடி முடிந்ததும் கணவனிடம் திரும்புவது இந்த வழக்கத்தின் மறுபாதி.' கேட்டதும் அம்மா அடங்கிவிட்டாள்.

மனுவைக் கொடுத்த பிறகு ஐந்து நாள். தினமும் கடைக்குப் போன் வந்ததா என்று கேட்க வந்து நிற்பேன், நீ இல்லை என்று தலையாட்டுவாய். கான்சுலேட்டில் கூப்பிட்ட அன்று உன்னை உள்ளே விடவில்லை. எதிர் நடைபாதையில் குடையோடு நின்றாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் உன் கடிதத்தைக் கடைசிவரை படித்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ஆடி முடிந்துவிட்டதா?

நாளையோடு முடிகிறது என்றேன்.

விசாவோடு வெளியே வந்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று பார்த்தால், "அறிவு இருக்குதாடி உனக்கு?" என்று நடுத்தெருவில் கத்தினாய். கத்திக்கொண்டே அழுதாய். நான் பிரான்சுக்குக் கிளம்பும் நாளில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாய். முதல் வரி சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு: 'முதல் ரசீதோடு நாட்டை விட்டு வெளியே வராதே.' கீழே நீல மையில் இன்னும் ஏதோ இருந்தது. கோடு போட்டதைப் படித்ததே போதும் என்று ஃபைலில் செருகினேன். குறித்த நாளில் போய் அட்டையை வாங்கினேன்.

அது ஒரு வருட அட்டை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு ரசீது. இரண்டாவது தடவை ரசீதோடு நான் காத்திருந்தபோது உன் தம்பி போன் செய்தான்.

"அக்காவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். உங்களையேதான் கேக்குது. வர முடியுமா?"

"கார்த் இன்னும் வரலடா தம்பி. வந்ததும் ஓடியாரேன்."

போனை உன் காதில் வைத்தான். உன் குரல் உன் குரலாகவே இல்லை. ஆனால் கேள்வி உன்னுடையதுதான். "எந்த ரசீது?"

"ரசீதுதான்டி. நீதான வராதன்னு சொன்ன. நான் மறக்கல, பாத்தியா?" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

நீ ஏதோ சொல்ல வந்தாய். இருமல் வந்து பேச்சை மறித்தது. தம்பி போனை வாங்கி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டான். நானும் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆறாவது நாள் நீ போய்விட்டாய்.

அந்த மாதமே புது அட்டை வந்தது. பழையதைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஃபைலைக் குடைந்தபோது உன் சீட்டு கீழே விழுந்தது. அன்றுதான் நீல மையைப் படித்தேன். 'புதுப்பிக்கும்போது தருகிற ரசீது என்றால் பயமில்லை. பழைய அட்டையையும் சேர்த்துக் காட்டிப் போகலாம், வரலாம். அப்போது தாராளமாக வா.'

வரக்கூடாதபோது வந்தேன். வந்திருக்க வேண்டியபோது, உன் பேச்சைக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வராமல் இருந்தேன். இதற்கு யாரைத் திட்டுவது? அந்த ஆறு நாளில் எனக்கு விமானம் இருந்தது, காகிதம் இருந்தது, ஃபைல் அலமாரியில் இருந்தது. கையை நீட்டி எடுத்துப் படிக்கவில்லை. இதை உன் தம்பியிடம் இன்றுவரை சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அங்கே ப்ரெஃபெக்தூர் வரிசையில் நம் ஊர்ப் பெண்கள் யாராவது கிடைப்பார்கள். ஊரில் கல்யாணம், அம்மாவுக்கு முடியவில்லை, இந்த ரசீதோடு போகலாமா அக்கா என்பார்கள். போ என்றோ போகாதே என்றோ நான் சட்டென்று சொல்வதில்லை. "எந்த ரசீது?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சொல்லி முடிக்கும்வரை. யாராவது பேச்சின் நடுவே இருமினால்கூட நான் நகர்வதில்லை.